சாப்பாட்டுக் கடையும் சாப்பிட வரும் பெண்ணும்

கொழும்புக்கு வேலைக்கென வந்து அறை எடுத்துத் தங்கியிருக்கும் பெண்களில் பலருக்குச் சமையல் என்பது ஞாயிற்றுக்கிழமைக் காரியமாகிவிட்டது. அறையில் அடுப்பு வைக்க வீட்டுக்காரர் சம்மதிக்க மாட்டார். சம்மதித்தாலும், விடிய ஆறு மணிக்குப் பஸ்ஸுக்கு நிற்க வேண்டியவளுக்குத் தேங்காய் திருவ நேரம் ஏது? ஆகவே காலையில் இடியப்பம், மதியம் சோத்துப் பார்சல், இரவில் ரொட்டியோ பாணோ என்று கடையை நம்பியே நாட்கள் ஓடுகின்றன. நானும் அப்படி ஒருத்திதான். சொந்த இடம் கிளிநொச்சிப் பக்கம். பல வருடங்களாக ஒருகொடவத்தையில் தங்கியிருந்து வேலைக்குப் போய் வருகிறேன்.

ஒருகொடவத்தையை அறியாத சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. பேஸ்லைன் வீதி களனிப் பாலத்தை நெருங்கும் இடத்தில், அவிசாவளைப் பக்கம் போகும் வீதி பிரிகின்ற சந்தி இது. துறைமுகத்துக் கொள்கலன் லொறிகள் இரவு பகலாக ஓடும். 2021ஆம் ஆண்டு நவம்பரில் புதிய களனிப் பாலம் திறக்கப்பட்ட பின்னர் தலைக்கு மேலேயும் வாகனம் ஓடுகிறது. வெள்ளவத்தையைப் போலப் பட்டுப்புடைவைக் கடைகளும் சைவ ஹோட்டல்களும் வரிசையாக இருக்கும் இடமல்ல. கொட்டாஞ்சேனையைப் போலக் கோயில் திருவிழாவுக்குச் சனம் சேரும் இடமுமல்ல. லொறிச் சாரதிகள், களஞ்சியத் தொழிலாளர்கள், தொழிற்பயிற்சிக்கு வரும் பிள்ளைகள், ஓட்டோக்காரர் என்று உழைக்கிற சனத்தின் இடம். சிங்களம், தமிழ், முஸ்லிம் எல்லாம் கலந்த இடம். இங்குள்ள சாப்பாட்டுக் கடைகளும் அந்தச் சனத்துக்கானவைதான். பெரிய தகரப் பாத்திரங்கள், கண்ணாடிப் பெட்டிக்குள் வடையும் ரோல்ஸும், சுவரில் சுழலும் மின்விசிறி.

இந்தக் கடைகளில் மதிய நேரம் உள்ளே எட்டிப் பார்த்தால் ஒரு விடயம் கண்ணில் படும். மேசைகளில் இருப்பவர்கள் எல்லோரும் ஆண்கள். பெண்கள் வாசலில் பார்சலுக்கு நிற்கிறார்கள். காசு கொடுத்து வாங்கும் சாப்பாட்டை மேசையில் வைத்துச் சூடாகச் சாப்பிடுகிற உரிமை நமக்கும் உண்டு. ஆனால் உள்ளே போய்த் தனியாக உட்கார்ந்தால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள், பரிமாற வருகிற பிள்ளையும் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பான். "மிஸ், உள்ளுக்கு ஃபமிலி றூம் இருக்கு" என்று திரைச்சீலை போட்ட ஒரு மூலையைக் காட்டுவார்கள். அங்கே மின்விசிறி இராது. தக்காளிப் பெட்டியும் வெங்காய மூட்டையும் இருக்கும். இதனால் பெண்கள் பார்சலை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டிவிடுகிறார்கள்.

இதை நான் எழுதுவதற்குக் காரணம் உண்டு. இந்தப் பக்கங்களை வாசிக்கின்ற சகோதரிகளில் பலர் சாப்பாடு செய்து விற்றுக் குடும்பத்தைக் கொண்டு நடத்துகிறவர்கள். இடியப்பம், தோசை, மோதகம், மிக்சர், சோத்துப் பார்சல் என்று தொடங்கியவர்கள் ஏராளம். 2010ஆம் ஆண்டில் அன்றைய மகளிர் விவகாரப் பிரதி அமைச்சர் எம்.எல்.ஏ.எம். ஹிஸ்புல்லாஹ், கிழக்கில் 49,000, வடக்கில் 40,000 என மொத்தம் 89,000 விதவைகள் யுத்தத்தின் பின் இருப்பதாகக் கூறியிருந்தார். காணாமற் போனவர்களின் மனைவிமார் தம்மை விதவை என்று எழுதிக் கொடுக்க மறுத்தது வேறு கதை. இவர்களுக்கென வந்த சுயதொழில் உதவிகளில் இடியப்ப உரலும், நீத்துப் பெட்டியும், வாயு அடுப்பும் கிடைத்தன. எத்தனை கிலோ மாவுக்கு எத்தனை இடியப்பம் என்ற கணக்கும் சொல்லித் தரப்பட்டது. வாங்க வருகிறவர் எதைப் பார்க்கிறார், எதனால் மறுமுறை வராமற் போகிறார் என்பதை மட்டும் யாரும் சொல்லித் தரவில்லை. வாங்கிச் சாப்பிடுகிற பக்கத்தில் நின்று நான் கண்டதைச் சொல்கிறேன். விற்கிற பக்கத்தில் நிற்பவர்களுக்கு அது உதவக்கூடும்.

முதலில் கைகள். வாடிக்கையாளரின் கண் முதலில் போவது சாப்பாட்டுக்கு அல்ல, சாப்பாட்டை எடுக்கிற கைக்குத்தான். எங்கள் சந்தியில் ஒரு கடையில் காசு வாங்குகிற அதே கையால் வடையை எடுத்துப் பேப்பரில் வைப்பார்கள். இடுக்கி ஒன்று கண்ணாடிப் பெட்டிக்கு மேலேயே கிடக்கும். இன்னொரு வழக்கமும் நம் நாட்டுக் கடைகளில் உண்டு. தேத்தண்ணிக்கு உட்கார்ந்தவுடன் ரோல்ஸ், பற்றீஸ், வடை என்று தட்டு நிறையக் கொண்டு வந்து வைப்பார்கள். சாப்பிட்டதற்கு மட்டும் காசு. மிச்சம் அடுத்த மேசைக்குப் போகும். அங்கே ஒருவர் ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்து ஒன்றை எடுப்பார். பிறகு மூன்றாவது மேசை. கொரோனாக் காலத்தில் இந்த வழக்கம் சற்று நின்றது போலிருந்தது, மறுபடி வந்துவிட்டது. என்னோடு வேலை செய்கிற ஒரு முஸ்லிம் சகோதரி இந்தத் தட்டைக் கண்டாலே, "தம்பி, இதைக் கொண்டு போங்க, பெட்டிக்குள்ள இருந்து ஒண்ணு எடுத்துத் தாங்க" என்பார். அவர் சொன்ன பிறகுதான் மற்றவர்களும் அப்படிக் கேட்கத் தொடங்கினோம். கடைக்காரர் முகம் சுளித்தாலும் எடுத்துத் தருகிறார்கள்.

அடுத்தது சோறு. ஒரு நாள் மதியம் வாங்கிய பார்சலைப் பிரித்தபோது பருப்பில் புளித்த வாடை வந்தது. சோறும் பிசுபிசுத்திருந்தது. சண்டைக்கு அல்ல, சொல்லி வைப்போம் என்றுதான் திருப்பிக் கொண்டு போனேன். காசு மேசையில் இருந்தவர் பார்சலை மோந்தும் பார்க்கவில்லை.

"காலமைல இருந்து நூறு பார்சல் போயிருக்கு. ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்ல. உங்களுக்கு மட்டுந்தானா மணக்குது?"

அவ்வளவுதான் அவர் சொன்னது. வேறொரு பார்சல் தரவில்லை, காசும் தரவில்லை. நானும் குரலை உயர்த்தவில்லை. எங்கள் வேலைத்தலத்தில் எட்டுப் பெண்கள் அந்தக் கடையில்தான் மதியச் சாப்பாடு எடுத்து வந்தோம். அடுத்த நாளிலிருந்து எட்டுப் பேரும் நிறுத்திவிட்டோம். மாதத்தில் இருபத்திரண்டு வேலை நாள் என்று வைத்துக்கொண்டால் 176 பார்சல். ஒரு பார்சலின் காசைத் திருப்பிக் கொடுக்க மனமில்லாதவர் மாதந்தோறும் 176 பார்சல் வியாபாரத்தை இழந்தார். அது அவருக்கு இன்றுவரை தெரிந்திராது என்றுதான் நினைக்கிறேன். ஏனென்றால் கோபித்துக்கொண்ட வாடிக்கையாளர் வந்து சொல்லிவிட்டுப் போவதில்லை. பெண்கள் இன்னும் சொல்வதில்லை. வேறு பாதையால் நடந்து போய்விடுவோம்.

சோறு ஏன் பழுதாகிறது என்பதைப் பார்சல் செய்து விற்கும் ஒவ்வொரு பெண்ணும் தெரிந்திருக்க வேண்டும். வேகவைத்த பிறகும் சாகாத ஒருவகைக் கிருமியின் வித்துகள் அரிசியில் உண்டு. பசிலஸ் சீரியஸ் என்று அதற்குப் பெயர். சோறு ஆறத் தொடங்கி 60 பாகை செல்சியசுக்குக் கீழே வந்ததும் அவை முளைத்துப் பெருகத் தொடங்கும். குளிர்சாதனப் பெட்டியின் 5 பாகைக் குளிருக்கு வரும்வரை பெருகிக்கொண்டிருக்கும். நம் நாட்டு வெக்கையில் சமைத்த சாப்பாட்டை வெளியில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வைக்கக்கூடாது என்பது இதனால்தான். அந்தக் கிருமி விடுகின்ற, வாந்தியை உண்டாக்குகிற நஞ்சு பிறகு சூடாக்கினாலும் அழிவதில்லை. காலை எட்டு மணிக்கே பார்சல் கட்டி அடுக்கி வைத்து ஒரு மணிக்கு விற்பது இந்தக் கிருமிக்கு விருந்து வைப்பது போன்றது. கொதிக்கக் கொதிக்கச் சோற்றைப் போட்டு மேலே தேங்காய்ப் பால் கறியை ஊற்றி இறுக்கமாகச் சுற்றினால் ஆவி உள்ளேயே வேர்த்து இன்னும் விரைவாகக் கெடும். தேங்காய்ச் சம்பல் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். சோற்றுப் பானையை மூடிச் சூடாக வைத்துக்கொண்டு, ஆள் வர வரக் கட்டிக் கொடுப்பது சற்று மினக்கெட்ட வேலைதான். ஆனால் அதைக் கண்ணால் காண்கிற வாடிக்கையாளர் வேறு கடைக்குப் போக மாட்டார்.

சுற்றுகிற தாளையும் சனம் பார்க்கிறது. பொலித்தீன் லஞ்ச் ஷீட்டும் ரெஜிஃபோம் பெட்டியும் 2017ஆம் ஆண்டு செப்டெம்பர் முதலாந் திகதி முதல் தடை செய்யப்பட்டவை. அப்படியிருந்தும் பல இடங்களில் லஞ்ச் ஷீட் கண்ணில் படத்தான் செய்கிறது. வாழையிலை கிடைக்கிற இடத்தில் இருக்கிற சகோதரிகள் அதை விடக்கூடாது. இலையில் வாட்டிக் கட்டிய சோற்றின் மணத்துக்காகவே பத்து ரூபா கூடக் கொடுக்க ஆள் உண்டு. பத்திரிகைத் தாளில் வடை சுற்றிக் கொடுப்பது மட்டும் வேண்டாம். எண்ணெயில் மை கரைந்து வடையில் நேற்றைய செய்தி பதிந்திருப்பதை நானே கண்டிருக்கிறேன்.

இனி விலை. இதில்தான் பெண்களுக்கு மனக்கசப்பு அதிகம். விலைப்பட்டியல் போடாத கடையில் ஒரே சாப்பாட்டுக்கு ஆளுக்கொரு விலை சொல்வார்கள். கொச்சைச் சிங்களத்தில் கேட்டால் ஒரு விலை, தமிழில் கேட்டால் ஒரு விலை, ஹெல்மெற்றோடு வந்து அவசரமாகக் கேட்டால் இன்னொரு விலை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி விலையை வாடிக்கையாளர் காணக்கூடியதாகக் காட்சிப்படுத்த வேண்டும். பற்றுச்சீட்டுக் கேட்டால் கொடுக்கவும் வேண்டும். அதிகாரசபைக்கு முறையிட 1977 என்ற இலக்கம் உண்டு. சாப்பாட்டின் சுத்தம் பற்றியதென்றால் அப்பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் இருக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லலாம். இதெல்லாம் வாங்குபவருக்கான பாதுகாப்பு. ஆனால் வீட்டு வாசலில் சிறிதாக விற்கிற பெண்ணுக்கும் ஒரு மட்டையில் விலையை எழுதித் தொங்கவிடுவது பெரிய பாதுகாப்பு. பேரம் பேச வருகிறவர்கள், "அக்கா, போன கிழமை குறைச்சுத் தந்தீங்களே" என்று வாதாடுகிறவர்கள், கடன் சொல்லிவிட்டுக் கணக்கை மாற்றுகிறவர்கள் எல்லோருக்கும் அந்த மட்டையே பதில் சொல்லும். தனியாக நின்று வியாபாரம் செய்கிற பெண்ணுக்கு வாய்த் தர்க்கம் குறைவது நல்லது. எழுதுவதைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதினால் இன்னும் நல்லது.

விலை கூடினால் சனம் விலகிவிடும் என்று பயப்படுகிறவர்களுக்கு நான் இங்கு கண்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் ஒழுங்கைக்குள் ஓர் அக்கா இடியப்பம் அவித்து விற்கிறார். முல்லைத்தீவுப் பக்கத்தவர். யுத்தத்தின் பின் பிள்ளைகளின் படிப்புக்காக உறவினரோடு கொழும்புக்கு வந்தவர். கடை என்று சொல்ல ஒன்றுமில்லை. வீட்டு வாசலில் ஒரு மேசை, சொதிப் பானை, சம்பல், பருப்பு. காலை ஐந்தரைக்குத் தொடங்கி எட்டு மணிக்கு முடிந்துவிடும்.

2022ஆம் ஆண்டு எல்லோருக்கும் நினைவிருக்கும். 2021 ஒக்டோபருக்கு முன் 1,493 ரூபாவாக இருந்த 12.5 கிலோ சமையல் வாயுச் சிலிண்டர் அந்த மாதத்தில் 2,675 ஆகி, 2022 ஏப்ரலில் 4,860 ரூபாவுக்கு வந்தது. அந்த விலைக்கும் கிடைக்கவில்லை. வெற்றுச் சிலிண்டரை வீதியில் சங்கிலி போட்டுக் கட்டி நாட்கணக்கில் காத்திருந்தோம். 2022 செப்டெம்பரில் கொழும்பில் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம் என்று அரசாங்கமே அறிவித்தது. முந்திய வருடம் நூறு ரூபாவுக்கு வாங்கிய சாப்பாட்டுச் சாமானுக்குக் கிட்டத்தட்ட இருநூறு ரூபா வேண்டும் என்பதுதான் அதன் கருத்து. அப்போது பல கடைகள் என்ன செய்தன? விலையைக் கொஞ்சம் கூட்டி, பார்சலைச் சத்தமில்லாமல் சிறிதாக்கின. மீன் துண்டு விரல் நகமளவுக்கு வந்தது. பருப்பு தண்ணீராயிற்று. சனத்துக்கு விளங்காதா என்ன? பிரித்த கையோடு விளங்கிவிடும்.

அந்த அக்கா அப்படிச் செய்யவில்லை. ஒரு திங்கட்கிழமை காலை, வந்த ஒவ்வொருவரிடமும் கொடுப்பதற்கு முன்னரே சொன்னார்.

"பிள்ளை, மா விலை ஏறிப் போச்சு. வாற கிழமையில இருந்து இடியப்பம் ஒண்டுக்கு இவ்வளவு எடுக்கப் போறன். சின்னனாக்க மனமில்லை. உங்களுக்குக் கட்டாட்டிச் சொல்லுங்கோ, குறைச்சு வாங்குங்கோ."

ஒரு கிழமை முன்னதாகச் சொன்னார், அவ்வளவுதான். பத்து வாங்கியவர்கள் ஆறு வாங்கினார்கள். ஆனால் ஆட்கள் குறையவில்லை. வாயு கிடைக்காத நாட்களில் விறகு மூட்டினார். புகையில் கண் சிவந்து நிற்பதைப் பார்த்துப் பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மா தேங்காய் மட்டை கொண்டு வந்து போட்டார். அவரும் அக்காவின் வாடிக்கையாளர்தான்.

அக்காவிடம் இன்னொரு பழக்கம் உண்டு. புதிதாக ஒருவர் வாங்கிப் போனால் மறுநாள் அவரைக் கண்டவுடன், "நேற்றுச் சொதி எப்பிடி? உறைப்புக் கூடிப்போச்சோ?" என்று கேட்பார். பதில் சொல்ல இடம் விட்டு நிற்பார். ஒருமுறை ஒரு பிள்ளை, சம்பலில் கல் கடிபட்டது என்று சொல்லிவிட்டது. அக்கா வாதாடவில்லை. "எந்தப் பல்லில பட்டது, நோகுதே?" என்றுதான் முதலில் கேட்டார். பிறகு அன்றைய சம்பலுக்குக் காசு வாங்கவில்லை. உப்பை மாற்றிவிட்டார். மேலே சொன்ன கடைக்காரரையும் இந்த அக்காவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வியாபாரப் படிப்பு வேறு தேவையில்லை எனலாம்.

சேவை என்று வரும்போது பரிமாறுகிறவர்களைப் பற்றியும் நியாயமாகப் பேச வேண்டும். கொழும்புச் சாப்பாட்டுக் கடைகளில் நிற்கும் பையன்களில் அநேகர் மலையகத்திலிருந்து வந்த பிள்ளைகள். விடிய ஐந்து மணிக்கு எழும்பி இரவு பத்து மணிவரை காலில் நிற்கிறார்கள். கடைக்கு மேல்மாடியில் படுக்கிறார்கள். தண்ணீர் கேட்டால் மேசையில் 'டொக்' என்று வைத்துவிட்டுப் போகிறான் என்று நாம் குறைப்படும்போது, அவன் இன்று எத்தனை மணித்தியாலம் நிற்கிறான் என்றும் யோசிக்க வேண்டியிருக்கிறது. முகம் பார்த்து "தம்பி" என்று கூப்பிட்டால் அதே பிள்ளை மூலையிலிருந்து நல்ல கதிரையைத் தேடிக்கொண்டு வந்து போடுவான்.

இனி, நான் முதலில் சொன்ன விடயத்துக்கு வருகிறேன். பெண் ஒருத்தி தனியாக உட்கார்ந்து சாப்பிடக் கூடிய கடை இருக்கிறதா? இருக்கிறது. அதை நான் கொழும்பில் அல்ல, ஊருக்குப் போன வேளையில் கண்டேன். அம்மாச்சி உணவகம் என்று வடக்கில் எல்லோருக்கும் தெரியும். வட மாகாண சபை 2013 முதல் 2018 வரை இயங்கிய காலத்தில், மாகாண விவசாயத் திணைக்களத்தின் கீழ் தொடங்கப்பட்டது. திருநெல்வேலி, கிளிநொச்சி, வவுனியா, முல்லைத்தீவு, மன்னார் என்று வடக்கின் பல இடங்களிலும் வந்துவிட்டது. அம்மாச்சி என்றால் அம்மாவின் அம்மா; பெயரைக் கேட்டதும் வயிறு நிறைகிற பெயர். நாட்டின் மற்றப் பகுதிகளில் இதே திட்டம் ஹெல பொஜுன் என்ற பெயரில் நடக்கிறது. பேராதனைக்கு அருகே கண்ணொறுவையில் உள்ளது பலருக்கும் தெரிந்தது. வடக்கிலும் அந்தச் சிங்களப் பெயரையே வைக்க வேண்டுமா என்று அப்போது ஓர் இழுபறியும் நடந்தது. அம்மாச்சியே நிலைத்தது.

அங்கே முதலாளி என்று ஒருவர் இல்லை. கட்டடம் திணைக்களத்துடையது. உள்ளே ஒவ்வொரு அடுப்பும் ஒவ்வொரு பெண்ணுடையது. அதற்கு ஒரு சிறு தொகை கொடுத்துவிட்டுத் தான் சமைத்ததைத் தானே விற்று, வருமானத்தைத் தானே எடுத்துக்கொள்கிறாள். யுத்தத்தில் கணவனை இழந்தவர்கள், குடும்பத்தைத் தனியே சுமப்பவர்கள் பலர் இப்படி அடுப்பு எடுத்திருக்கிறார்கள். எல்லாம் சைவச் சாப்பாடு. தோசை, உழுந்து வடை, குரக்கன் புட்டு, இலைக்கஞ்சி, பழச்சாறு. போத்தலில் அடைத்த சோடா விற்பதில்லை. விலை வெளிக்கடையைவிடக் குறைவு.

கிளிநொச்சியில் ஒரு நாள் பின்னேரம் நான் தனியாகப் போய் ஒரு தோசை வாங்கினேன். எனக்கு முன்னாலேயே மா ஊற்றினார்கள். தலைக்குத் தொப்பி, கைக்கு உறை. சமைக்கிற கை வேறு, காசு வாங்குகிற கை வேறு. எடுத்துக்கொண்டு போய் மேசையில் உட்கார்ந்தேன். பக்கத்து மேசையில் பாடசாலை விட்டு வந்த இரண்டு ஆசிரியைகள். அதற்கு அப்பால் ஒரு தாய், மடியில் குழந்தை, தனியாகத்தான் இருந்தார். ஒருவரும் ஒருவரையும் திரும்பிப் பார்க்கவில்லை. நான் தட்டை முடித்துவிட்டுச் சும்மா பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன். கொழும்பில் இத்தனை வருடத்தில் எந்தக் கடையிலும் அப்படி இருந்ததில்லை. அடுப்புக்குப் பின்னால் பெண்கள் நிற்கிறபோது அடுப்புக்கு முன்னால் வருகிற பெண்களுக்கும் இடம் கிடைத்துவிடுகிறது என்று எனக்குப் பட்டது.

அங்கேயும் குறை இல்லாமல் இல்லை. பரிமாற ஆள் கிடையாது. எல்லாம் நாமே எடுக்க வேண்டும். வயதானவர்களுக்கு இது சிரமம். பின்னேரத்தில் சனம் நெரிந்தால் உட்கார இடம் கிடைக்காது, மேசை துடைக்கப்படாமல் கிடக்கும். சில சாமான் ஆறு மணிக்கே முடிந்துவிடும். ஒரே வடையைப் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பேர் விற்கும்போது யாரிடம் வாங்குவது என்று வாடிக்கையாளருக்குச் சங்கடம். ஒருத்தியிடம் வரிசை நிற்க, பக்கத்திலிருப்பவள் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதைப் பார்க்க எனக்கும் மனம் பொறுக்கவில்லை. ஏன் அங்கே வரிசை, இங்கே இல்லை என்று ஒரு கிழவியிடம் கேட்டேன். "ரெண்டு வடையும் ஒரே ருசிதான் மோனை. அந்தப் பிள்ளை சூடாப் பொரிச்சுக் குடுக்குது. இந்தப் பிள்ளை பொரிச்சு அடுக்கி வைச்சிருக்குது" என்றார் அவர்.

இதை எங்கள் ஒழுங்கை அக்காவிடம் வந்து சொன்னேன். அவருக்கு வடைக் கதையைவிட, பெண்கள் இருந்து சாப்பிட்டார்கள் என்பதுதான் காதில் விழுந்தது. "எத்தினை கதிரை போட்டிருக்கினம்? கை கழுவ எங்க வைச்சிருக்கினம்? கழிப்பறை இருக்கோ?" என்று அடுக்கடுக்காகக் கேட்டார். அவர் கேட்டது சரியான கேள்வி. வெளியே சாப்பிடுகிற பெண் முதலில் மனதுக்குள் கேட்பதும் அதுதான். எத்தனையோ பெண்கள் கடையில் தண்ணீர் குடிக்காமலே எழும்பி வருவது தாகமில்லாததால் அல்ல.

இரண்டு கிழமை சென்று ஒரு காலை இடியப்பத்துக்குப் போனபோது வாசல் மேசைக்குப் பக்கத்தில் இரண்டு பிளாஸ்ரிக் கதிரைகள் இருந்தன. சுவரோரம் ஒரு வாளியில் தண்ணீர், மூடி, கோப்பை, ஒரு துண்டுச் சவர்க்காரம். ஆடைத் தொழிற்சாலைக்குப் போகிற இரண்டு பிள்ளைகள் உட்கார்ந்து சொதி ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"கதிரைக்கும் சேர்த்து விலை கூட்டினீங்களோ அக்கா?" என்று கேட்டேன்.

"அதுக்கு எங்க கூட்டுறது? இருந்து சாப்பிடுறவை சம்பல் ரெண்டாம் தரம் கேக்கினம், அதுதான் கணக்கு உதைக்குது" என்று சொல்லிக்கொண்டே எனக்கு ஆறு இடியப்பத்தை இலையில் வைத்தார். "இருந்து சாப்பிடுறியோ, கட்டவோ?"

பஸ்ஸுக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது. ஒரு கதிரை வெறுமையாகும்வரை நின்றேன்.